கோட்டை போனாலும் கோடு நிற்கிறது

சனிக்கிழமை விடியற்காலையில் சேலத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வேன், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகத் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் தியாகதுருகத்தை எட்டிவிடுகிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களும் ஆத்தூரில் வந்து இதே சாலையைத்தான் பிடிக்கிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். முன்சீட்டில், எங்கே தங்குவது, எந்தக் கடற்கரைக்கு முதலில் போவது என்று பேச்சு நடக்கிறது. சாலைக்குப் பக்கத்திலேயே எழும்பி நிற்கும் தியாகதுருகம் மலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டீக்கடையில் வண்டி நின்றால்கூட அந்த மலையின் பெயரைக் கேட்பவர் அரிது.

அந்த மலைக்கும் அவர்கள் போய்க்கொண்டிருக்கும் ஊருக்கும் 260 ஆண்டுக்கு மேற்பட்ட உறவு இருக்கிறது. 1760-இல் ஆங்கிலேயர் படை புதுச்சேரியை நெருங்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். ஹைதர் தன் மைத்துனர் மக்தூம் அலியை ஒரு படையோடு அனுப்பினார். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியான பாரமகால் வழியாக அந்தப் படை இறங்கி வந்தது. உதவிக்கு ஈடாகப் பிரெஞ்சுக்காரர் மைசூருக்கு விட்டுக்கொடுத்த கோட்டைதான் தியாகதுருகம். மக்தூம் அலியின் படை திருவதிகை அருகே ஆங்கிலேயரை முறியடித்து, புதுச்சேரிக்கு அரிசியும் மாடுகளும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குள் மைசூரில் ஹைதரின் இருப்புக்கே ஆபத்து வந்துவிட, படை வந்த வழியே திரும்பியது. புதுச்சேரி தனியாக நின்றது. சில மாதங்களில் வீழ்ந்தது.

ஆகவே புதுச்சேரி என்பது சேலம், நாமக்கல் சமவெளிக்குத் தொடர்பில்லாத வெளிநாட்டுத் துண்டு அல்ல. காவிரிக்கரையில் கோட்டை கட்டியவர்களும் கடற்கரையில் கோட்டை கட்டியவர்களும் ஒரே போரில் கலந்திருந்தார்கள். வார விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த ஊரையும் சரியாகப் பார்க்கலாம். திரும்பி வந்து தங்கள் ஊரையும் பார்க்கலாம். இரண்டாவதுதான் இன்றைக்கு அவசரம்.

பெரும்பாலான வேன்கள் புதுச்சேரியில் என்ன பார்க்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, மஞ்சள் சுவர் ஓரம் நின்று படம், சுண்ணாம்பாற்றில் படகு, மணக்குள விநாயகர் கோயில், ஆரோவில் மாத்ரி மந்திர். சிலர் மலிவான மதுவுக்காகவே போகிறார்கள். அவர்கள் ஊரைப் பார்ப்பதே இல்லை. நீல நிறப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப்பெயர் எழுதியிருப்பதையும், போலீஸ்காரர் சிவப்புத் தொப்பி அணிந்திருப்பதையும் பார்த்து, 'பிரெஞ்சு ஊர்' என்று முடித்துக்கொள்கிறார்கள்.

ஊரின் வரைபடத்தை ஒருமுறை கையில் விரித்தால் வேறொன்று தெரியும். பழைய நகரம் ஏறக்குறைய முட்டை வடிவத்தில் இருக்கிறது. மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல். இந்தச் சாலைகள் வளைந்து வளைந்து ஊரைச் சுற்றிவருவதற்குக் காரணம், ஒருகாலத்தில் அங்கே மதில் இருந்தது. மதில் போனபின் அதன் தடத்திலேயே சாலை போட்டார்கள். உள்ளே தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இதைப் பிரெஞ்சுக்காரர் வரைந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள்தான் நெசவாளர் குடியிருப்புகளுக்காக இந்தக் கட்டம் போட்ட திட்டத்தை வரைந்தார்கள். 1699-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர் அதையே பின்பற்றினார்கள்.

முதலில் இங்கே வேரூன்றியவர் பிரான்சுவா மார்த்தேன். பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக இருந்த ஷேர்கான் லோடியின் அனுமதியோடு 1674-இல் அவர் அமைத்த குடியிருப்பு, 1706-இல் ஐந்து கொத்தளங்கள் கொண்ட செயின்ட் லூயி கோட்டையாக எழுந்தது. பிரான்சின் பெரும் கோட்டைப் பொறியாளர் வோபான் வகுத்த முறை அது. பின்னர் ஊரைச் சுற்றி மதிலும், சென்னை, வழுதாவூர், வில்லியனூர், கடலூர் ஆகிய ஊர்களின் பெயரில் வாசல்களும் வந்தன. மதிலுக்கு வெளியே வெகுதூரம் தள்ளி, கள்ளியும் கற்றாழையும் பனையும் முள்ளும் சேர்த்து வளர்த்த அடர்ந்த உயிர்வேலி ஊரை வளைத்து நின்றது. கொங்கு நாட்டுக் காடுகளில் இன்றும் பார்க்கிற கிளுவை வேலியை நினைத்துக்கொண்டு, அதைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் காவல் எப்படியிருந்தது என்று புரியும்.

1748-இல் ஆங்கிலேயத் தளபதி போஸ்காவன் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். அப்போது ஆளுநர் தூப்ளே. 1760-இல் வந்த அயர் கூட் அப்படித் திரும்பவில்லை. உயிர்வேலியைக் கைப்பற்றி, கடலையும் அடைத்து, ஊரைப் பட்டினி போட்டார். தானியம் தீரத்தீர, லாலி அந்த நவம்பரில் ஊருக்குள் இருந்த தமிழ் மக்களை வெளியே துரத்தினார். சுமார் 1,400 பேர். ஆங்கிலேயர் வழிவிடவில்லை; பிரெஞ்சுக்காரர் திரும்பச் சேர்க்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே, வேரையும் புல்லையும் தின்று, பல நாள் அவர்கள் கிடந்தார்கள். கடைசியில்தான் வழி கிடைத்தது. ஊருக்குள் யானையும் ஒட்டகமும் உணவாயின. 1761 ஜனவரி நடுவில் லாலி சரணடைந்தார். பின்னாளில் பாரிஸில் அவருக்கு மரண தண்டனை விதித்து 1766-இல் தலையை வெட்டினார்கள்.

வென்றவர்கள் கோட்டையை மட்டுமல்ல, மதிலையும் மாளிகைகளையும் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவரும், பின்னர் தூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவருமான ஆனந்தரங்கப் பிள்ளை, அந்த அழிவைக் காணாமல், ஊர் வீழ்ந்த அதே ஜனவரியில் கண்மூடினார். அவருடைய வீடு இன்றும் நிற்கிறது. கீழே தமிழ் முறையில் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு முறையில் செங்கல் தூண்கள். அந்தத் தெருவே ரங்கப் பிள்ளை வீதி.

இதே போரில் உலகின் மறுகோடியில் இன்னொரு பிரெஞ்சுக் கோட்டை நகரமும் வீழ்ந்தது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், 1608-இல் சாம்ப்ளேன் நிறுவிய கியூபெக். ஆங்கிலேயர் அதை 1759 செப்டம்பரில் பிடித்தார்கள். புதுச்சேரியை இடித்தவர்கள் கியூபெக்கின் மதிலை இடிக்கவில்லை. தங்கள் பாதுகாப்புக்காக மேலும் பலப்படுத்தினார்கள். நூறாண்டு கழித்து, போர் பயம் நீங்கியதும், வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அந்த ஊர்க்காரர்களே வாசல்களை இடிக்கத் தொடங்கினார்கள். 1872 முதல் 1878 வரை கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த டஃபரின் பிரபு தலையிட்டார். மதிலை இடிக்காமல், வாசல்களை அகலமாகக் கட்டி, மதிலின் மேலேயே மக்கள் உலாவ வழி செய்யலாம் என்று திட்டம் கொடுத்தார். இன்று 4.6 கிலோமீட்டர் நீள மதில் அங்கே நிற்கிறது. மெக்சிகோவுக்கு வடக்கே மதில் சிதையாமல் இருக்கும் ஒரே நகரம் அதுதான். 1985-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. டஃபரின் 1884-இல் இந்தியாவின் வைசிராயாக வந்து நான்காண்டு ஆண்டார். இங்கே எந்தக் கோட்டைக்கும் அப்படியொரு திட்டம் அவர் கையிலிருந்து வந்ததாகப் பெயரில்லை.

ஒரே போர், இரண்டு ஊர்கள். ஒன்றில் மதில் மிஞ்சியது. மற்றொன்றில் மதில் நின்ற தடம் மட்டும் மிஞ்சியது. ஆனாலும் புதுச்சேரி பார்க்கத்தக்க ஊராகவே இருக்கிறது என்பதைச் சேலமும் நாமக்கல்லும் கவனிக்க வேண்டும். 1765-இல் பாழாய்க் கிடந்த ஊரைத் திரும்பப் பெற்றவர்கள், பழைய தெருக்களின் கோட்டிலேயே புதிய வீடுகளைக் கட்டினார்கள். கோட்டை நின்ற இடம் இன்றைய பாரதி பூங்காப் பகுதி. பூங்காவின் நடுவே வெள்ளையாய் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிநீர் வந்த கதையைச் சொல்கிறது. கடற்கரைச் சாலையில் 1836-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. இவை எல்லாம் ஒரு மணி நேர நடைக்குள் அடங்கும்.

நடையை அங்கேயே நிறுத்தாமல், பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே போக வேண்டும். பிரெஞ்சுக்காரர் கிழக்கே குடியிருந்தார்கள். தமிழர்கள் வாய்க்காலுக்கு மேற்கே. அந்தக் கிழக்குப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் தெருவை ஒட்டி உயர்ந்த சுற்றுச்சுவரும் பெரிய மரக்கதவும் இருக்கும். வீடு உள்ளே ஒளிந்திருக்கும். மேற்கே வந்தால் வீடு தெருவை நோக்கித் திறந்திருக்கிறது. திண்ணை, அதற்கு முன்னால் தெருவில் போகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்க மரத்தூண் தாங்கிய தாழ்வாரம். வைசியாள் வீதியில் இந்த வீட்டு முகப்புகளை வரிசையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. விருது வாங்கியது ஆளுநர் மாளிகை அல்ல. செட்டித்தெரு, கோமுட்டித்தெரு போன்ற, சேலத்துக்காரர் கண்ணுக்கு மிகவும் பழகிய ஒரு தமிழ்த் தெரு.

இழப்பும் அங்கே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சிக் கட்டடம் மேரி, பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் ஒரேயடியாகச் சரிந்து விழுந்தது. பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து அதே முகப்போடு மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். தமிழர் பகுதியில் பழைய வீடுகள் பல இடிபட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. வாரக்கடைசிக் கூட்டத்தின் நெரிசலில் ஒயிட் டவுன் குடியிருப்பவர்கள் தவிக்கிறார்கள். புதுச்சேரியைக் குறையற்ற முன்மாதிரி என்று யாரும் சொல்ல முடியாது.

அதன் வரலாறும் மஞ்சள் சுவரைப் போல அழகு மட்டுமே கொண்டதல்ல. 1748 முற்றுகையின்போது, தூப்ளேயின் ஆட்சியில், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அந்த வேதனையைத் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இன்றிருக்கும் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளர்களை வழிநடத்திய வ.சுப்பையாவின் பெயர்தான் பழைய மதிலின் தெற்குத் தடத்தில் ஓடும் சாலைக்கு. தறியும் நூற்பாலையும் உள்ள சேலம், பள்ளிபாளையம், குமாரபாளையத்திலிருந்து போகிறவர்கள் அந்தச் சாலையில் ஒரு நிமிடம் நிற்பது நியாயம். 1954-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையும் பக்கம் வாக்களித்தார்கள். அந்த இடத்துக்கு எந்த வேனும் போவதில்லை.

இந்தக் கடற்கரை ஊருக்கு ஆறு எங்கே என்று கேட்டால், அதற்கும் விடை இருக்கிறது. சங்கராபரணி ஆற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், ஊருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டரில், அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரியின் மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலிய மட்கலன்களும் கிடைத்தன. மணிகள் செய்த பட்டறைகளும் அங்கே இருந்தன. பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பதினாறு நூற்றாண்டு முன்பே கப்பல் வந்த துறை அது.

காவிரிக்கரைக்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான இன்னொரு பிரெஞ்சு ஊர் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அந்த ஊர், காவிரியின் கிளையான அரசலாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் திறக்கும் தண்ணீர், பவானி, பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக ஓடி, டெல்டாவைக் கடந்து காரைக்கால் வயலுக்கும் போகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென ஒதுக்கிய 7 டிஎம்சி அந்த வயல்களுக்குத்தான். மோகனூர் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று விடும் முளைப்பாரி மிதந்து போகும் திசையில்தான் அந்தப் பிரெஞ்சு ஊரும் இருக்கிறது.

இனி, வேன் திரும்பி வரும் ஊருக்கு வருவோம்.

சேலமும் கோட்டை இருந்த ஆற்றங்கரை நகரம்தான். கோட்டை மாரியம்மன், கோட்டை அழகிரிநாதர் என்று தெய்வங்களின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடி மாதம் ஊரே கோட்டை மாரியம்மன் சன்னதியில் திரள்கிறது. அந்தக் கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று அந்தக் கூட்டத்தில் கேட்டால், காட்ட ஆள் இல்லை. பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிற ஆறு. ஊருக்குள் அது பல ஆண்டாகச் சாக்கடையாகவும் சாயக்கழிவு வாய்க்காலாகவும் ஓடுகிறது. புதுச்சேரி தன் மதிலை இழந்தும் அதன் தடத்தைச் சாலையாக்கி வைத்துக்கொண்டது. சேலம் மதிலையும் இழந்தது, தடத்தையும் இழந்தது.

நாமக்கல்லில் கோட்டை அப்படியே நிற்கிறது. ஊரின் நடுவில் ஒற்றைப் பாறை, 65 மீட்டர் உயரம். அதன் உச்சியில் மதில். பாறையைச் செதுக்கிய படிகளில் ஏறிப்போனால் மேலே பழைய பெருமாள் கோயிலும் முஸ்லிம்களின் வழிபாட்டிடமும் இருக்கின்றன. கீழே, அதே பாறையின் வயிற்றில், நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் எட்டாம் நூற்றாண்டில் அதியர் குல மன்னர் குடைந்த கோயில்கள். எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர். முதல் மைசூர்ப் போரில், 1768-இல், ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே ஹைதர் சேலம், நாமக்கல் சமவெளிக் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடிக்கத் தொடங்கிவிட்டார். ஆஞ்சநேயரைத் தரிசிக்கத் தினமும் வெளியூர் பேருந்துகள் வருகின்றன. வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தலைக்கு மேலே இருக்கும் கோட்டைக்கு ஏறுகிறார்கள் என்று கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும்.

சங்ககிரி இன்னும் பெரிது. மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை அடுக்கடுக்காக மதில், ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள், வழியில் தர்கா, மேலே சென்னகேசவப் பெருமாள் கோயில். திப்பு சுல்தானின் காலத்தில் இந்தச் சமவெளிக்குக் காவல் அதுதான். திப்புவின் படையில் பிரெஞ்சு அதிகாரிகளும் வீரர்களும் பணிபுரிந்தார்கள். அந்தத் திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805-இல் தூக்கிலிட்டது இந்தச் சங்ககிரியில்தான். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கில் அவரை நினைத்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். மற்ற நாட்களில் மலையேறுகிறவர்களுக்கு எந்த வாயிலை யார் கட்டினார், எது தானியக் கிடங்கு, எது வெடிமருந்துக் கிடங்கு என்று சொல்லத் துணை வருபவர் இல்லை. சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். புதுச்சேரிக்குப் போகிற தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். புதுச்சேரிக்குக் கடல் இருக்கிறது, பிரான்சின் ஆதரவு இருக்கிறது, ஆசிரமம் இருக்கிறது; கருங்கல் குன்றுக்கு யார் வருவார்கள் என்பார்கள். செஞ்சிக்குக் கடல் இல்லை. அதுவும் கருங்கல் குன்றுதான். 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தது முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த குன்றும்கூட. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. கடல் இல்லாத கோட்டைக்கும் உலகம் வரும் என்பதற்கு அடுத்த மாவட்டத்தைத் தாண்டினால் சான்று இருக்கிறது.

இன்னொரு மறுப்பு, முதலில் குடிநீரும் சாலையும், பிறகுதான் கோட்டை என்பது. அது நேர்மையான கவலை. ஆனால் இங்கே கேட்பது கோடிக்கணக்கில் கொட்டும் திட்டம் அல்ல. மலையடிவாரத்தில் கழிப்பறை, பாதி வழியில் குடிதண்ணீர், படிக்குக் கைப்பிடி, ஒவ்வொரு வாயிலிலும் தமிழில் எழுதிய பலகை. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு காலையில் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை அழைத்துப்போகும் உரிமை. சேலத்தில் கோட்டை மதில் ஓடிய தடத்தைப் பழைய நில அளவை வரைபடங்களைக் கொண்டு கண்டுபிடித்து, தெருவில் கல் பதித்துக் காட்டுவது. ஸ்மார்ட் சிட்டி பணிகளில் திருமணிமுத்தாற்றுக்கும் இடம் கொடுத்த ஊருக்கு இது எட்டாத வேலை அல்ல.

இவற்றோடு ஒரு பேருந்து வேண்டும். சேலம் கோட்டையில் காலையில் கிளம்பி, சங்ககிரி மலை ஏறி இறங்கி, திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரரையும், 1925-இல் ராஜாஜி தொடங்கிய புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் பார்த்து, நாமக்கல் பாறையில் ஏறி, நாமக்கல் கவிஞர் பிறந்த மோகனூரில் காவிரிக்கரையில் அந்தி சாய முடிகிற ஒருநாள் சுற்று. ஆயிரக்கணக்கான லாரிகளுக்கு உடல் கட்டி நாடு முழுக்க ஓட்டுகிற மாவட்டத்துக்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியை ஆப்பிரிக்கா வரை அனுப்புகிற ஊருக்கு, இந்த ஒரு வண்டியை ஓட்டுவது பெரிய காரியமில்லை. நாமக்கல், சங்ககிரிக் கோட்டைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் அந்தத் துறையோடு உட்கார்ந்து பேசினால் ஓராண்டுக்குள் தொடங்கலாம்.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டுக்கொரு முறை இன்பச் சுற்றுலா என்று பிள்ளைகளை இருநூறு கிலோமீட்டர் கூட்டிப்போகும் பள்ளிகள், அதற்கு முந்தைய மாதம் ஒரு சனிக்கிழமையைத் தங்கள் ஊர்க் கோட்டைக்கு ஒதுக்கட்டும். சங்ககிரியின் வாயில்களை எண்ணிப் பார்த்த பிள்ளை, அண்ணா சாலையின் வளைவில் நிற்கும்போது, இங்கே மதில் இருந்திருக்கும் என்று தானே சொல்லும்.

அடுத்த முறை புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் தியாகதுருகத்தில் டீக்குடிக்க வண்டியை நிறுத்தட்டும்; பிள்ளைகளை எழுப்பி, இறக்கி, மலையைக் காட்டட்டும். ஊருக்குத் திரும்பிய மறுவாரம், அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு, விடியலில் சங்ககிரி மலையடிவாரத்துக்குப் போகட்டும். வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விடலாம்.